பயனர் தரும் முகவரியைக் கெர்னல் ஏன் நம்புவதில்லை?

சி மொழியில் நாலைந்து வரியில் ஒரு சின்ன நிரல் எழுதிப் பாருங்கள். நினைவகத்தில் முகவரி 1 என்ற இடத்தில் இருக்கும் எழுத்தைப் படித்துத் திரையில் காட்டச் சொல்லுங்கள். ஓட்டியதுமே ‘செக்மெண்டேஷன் ஃபால்ட்’ என்ற ஒற்றை வரியோடு நிரல் செத்துவிடும். அந்த முகவரியில் உங்கள் நிரலுக்கென்று எதுவும் கிடையாது. இல்லாத இடத்தைத் தொட்டதால் இயங்குதளம் அதை நிறுத்திவிட்டது.

இப்போது ஒரே ஒரு மாற்றம். அந்த இடத்தை நீங்களே தொடாதீர்கள். அதே முகவரி 1-ஐ ‘ரைட்’ என்ற சிஸ்டம் காலிடம் கொடுத்து, “இங்கிருந்து ஐந்து பைட் எடுத்துத் திரையில் எழுது” என்று கெர்னலிடம் கேளுங்கள். இந்தத் தடவை நிரல் சாகாது. ரைட் -1 என்று திருப்பித் தரும். பிழை எண்ணைப் பார்த்தால் 14, அதாவது ‘இஃபால்ட்’. அதற்குரிய செய்தி ‘பேட் அட்ரஸ்’. அவ்வளவுதான், நிரல் அடுத்த வரிக்குப் போய்விடும்.

அதே முகவரி, அதே இல்லாத இடம். உங்கள் நிரல் தொட்டால் சாவு, கெர்னல் தொட்டால் ஒரு பிழை எண். இயங்குதளப் பாதுகாப்பைப் படிக்க வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தச் சோதனையைத்தான். அந்த 14 எப்படி வந்தது என்று தோண்டிக்கொண்டே போனால், கெர்னல் தன்னைக் காத்துக்கொள்ளும் வழிகளில் பெரும்பாலானவை வரிசையாகக் கண்ணில் படும்.

ஒருவழிக் கதவு

கெர்னல் என்பது இயங்குதளத்தின் உள்மையம். டிஸ்க், நெட்வொர்க், நினைவகம் எல்லாவற்றையும் நேரடியாகத் தொடும் உரிமை அதற்கு மட்டும்தான். பிரவுசர், எடிட்டர், நாம் எழுதும் நிரல் எல்லாம் பயனர் நிலையில் ஓடுபவை. அவற்றுக்கு ஏதாவது வேண்டுமென்றால் சிஸ்டம் கால் வழியாகக் கெர்னலிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

நினைவக முகவரிகளை ஒரு நீண்ட எண்கோடாக நினைத்துக்கொள்ளுங்கள். 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினியில் லினக்ஸ் ஓடும்போது, வழக்கமாக அந்தக் கோட்டின் அடியில் 128 டெராபைட் பயனர் நிரலுக்கு. உச்சிப் பகுதி கெர்னலுக்கு. நடுவில் யாருக்கும் சொந்தமில்லாத பெரிய பொட்டல். கோடு முழுவதும் 4 கிலோபைட் பக்கங்களாக வெட்டப்பட்டிருக்கும். ஒவ்வொரு பக்கத்துக்கும் பக்க அட்டவணையில் ஒரு பதிவு உண்டு. பயனர் இதைத் தொடலாமா, கூடாதா என்று அந்தப் பதிவில் ஒரு பிட் சொல்லும். பயனர் நிரல் கெர்னலின் பக்கத்தைத் தொடப் போனால் பிராசசரே தடுத்துவிடும்.

சரி, கெர்னல் பயனரின் பக்கத்தைத் தொட்டால்? இன்டெல் வகைப் பிராசசர்கள் பல பத்தாண்டுகள் அதைத் தடுக்கவே இல்லை. கெர்னலுக்கு எல்லாக் கதவும் திறந்தே இருந்தன. அதற்குக் காரணமும் உண்டு. ‘இந்தக் கோப்பில் இதை எழுது’ என்று ஒரு நிரல் கேட்டால், எழுத வேண்டிய பைட்டுகள் அந்த நிரலின் நினைவகத்தில்தானே இருக்கின்றன? கெர்னல் அங்கே கை நீட்டித்தான் எடுக்க வேண்டும்.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. ஒரு லாட்ஜில் எல்லா அறைகளின் சாவியையும் கொத்தாக வைத்திருக்கும் ரூம் பாயை எடுத்துக்கொள்ளுங்கள். 204-இல் தங்கியிருப்பவர் ஒரு சீட்டு எழுதித் தருகிறார்: ‘311-இல் இருக்கும் பெட்டியை எடுத்து வா.’ 311 அவருடைய அறை இல்லை. ஆனால் ரூம் பாயின் சாவி அந்தப் பூட்டையும் திறக்கும். பூட்டுக்குச் சாவியைத்தான் தெரியும், யார் சொல்லி அவன் வந்தான் என்று அதற்கு எப்படித் தெரியும்? அதைப் பார்க்க வேண்டியவன் சீட்டை வாங்கிய ரூம் பாய்தான். பார்க்காமல் போனால் வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடும்.

கெர்னலின் கையில் வருவதும் அப்படி ஒரு சீட்டுதான். ரைட் சிஸ்டம் காலுக்குள் நுழையும்போது, ரெஜிஸ்டர்கள் என்ற பிராசசரின் சின்னச் சேமிப்பிடங்களில் மூன்று எண்கள் இருக்கின்றன: எந்தக் கோப்பு, எந்த முகவரி, எத்தனை பைட். முகவரி என்று நாம் அழைப்பது கெர்னலைப் பொறுத்தவரை வெறும் 64 பிட் எண். அது பயனரின் இடத்தைக் காட்டலாம், எதுவுமே இல்லாத பொட்டலைக் காட்டலாம், கெர்னலின் சொந்த மடியையே காட்டலாம். கடைசி வகைதான் ஆபத்து. ‘இந்த முகவரியில் இருப்பதை என் கோப்பில் எழுது’ என்று கெர்னலின் முகவரியைக் கொடுத்தால், கெர்னலின் ரகசியம் பயனரின் கோப்புக்கு வந்துவிடும். ‘இந்த முகவரியில் விடையை எழுது’ என்றால் இன்னும் மோசம். தன் உரிமைப் பட்டியலைத் தானே திருத்திக்கொடுக்கும் நிலை.

முதல் வாசல்

அதனால் லினக்ஸில் எந்தச் சிஸ்டம் காலும் பயனரின் முகவரியை நேரடியாகத் தொடக் கூடாது. எடுப்பதற்கு ‘காப்பி_ஃப்ரம்_யூசர்’, கொடுப்பதற்கு ‘காப்பி_டு_யூசர்’, ஒற்றை எண்ணுக்கு ‘கெட்_யூசர்’, ‘புட்_யூசர்’ என்று தனிச் செயல்கூறுகள் இருக்கின்றன. எதை அழைத்தாலும் முதலில் நடப்பது ‘ஆக்ஸஸ்_ஓகே’ என்ற சோதனை. முகவரியும் நீளமும் சேர்ந்து எண்கோட்டில் பயனரின் பகுதியைத் தாண்டுகிறதா என்று மட்டும் அது பார்க்கும். ஒப்பீடு ஒன்று, அதிகம் போனால் இரண்டு. ஆனால் மேலே சொன்ன திருட்டு முழுவதையும் தடுப்பது இந்தக் குட்டிச் சோதனைதான்.

இந்தச் சோதனை எவ்வளவு பார்க்கும், எதைப் பார்க்காது என்பதை நம் நிரலை வைத்தே காணலாம். முகவரி 1-ஐத் திரைக்குப் பதிலாக ‘/டெவ்/நல்’ என்ற கோப்புக்கு எழுதச் சொல்லுங்கள். எதைப் போட்டாலும் விழுங்கிக்கொள்ளும் சாதனக் கோப்பு அது. இப்போது இஃபால்ட் வராது! ஐந்து பைட்டும் எழுதியாயிற்று என்று ரைட் 5-ஐத் திருப்பித் தரும். முதல் தடவை பார்த்தபோது நான் நிரலில்தான் தவறு என்று நினைத்து வரி வரியாகத் தேடினேன். தவறு எதுவும் இல்லை. முகவரி 1 எண்கோட்டில் பயனரின் பகுதியில்தான் இருக்கிறது, அதனால் ரைட் தொடக்கத்திலேயே செய்யும் ஆக்ஸஸ்_ஓகே சோதனை விட்டுவிட்டது. அதற்குப் பிறகு /டெவ்/நல் அந்தப் பைட்டுகளைத் தொடுவதே இல்லை. வாங்கிய எண்ணிக்கையை அப்படியே திருப்பிச் சொல்லிவிடுகிறது. யாரும் தொடாததால் அங்கே ஒன்றும் இல்லை என்பது தெரியவே வரவில்லை.

அடுத்து, அதே /டெவ்/நல்லுக்கு எண்கோட்டின் உச்சியில் இருக்கும் ஒரு முகவரியைக் கொடுங்கள். உடனே இஃபால்ட். இந்தத் தடவையும் யாரும் எதையும் தொடவில்லை. ஆனால் வாசலிலேயே சீட்டைப் பார்த்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆக, பிழை எண் 14 இரண்டு இடங்களிலிருந்து வரும். வாசலில் எண்ணைப் பார்த்தே வருவது ஒன்று. உள்ளே போய்த் தொட்டுப் பார்த்த பிறகு வருவது இன்னொன்று. அந்த இரண்டாவதுதான் அழகானது.

தொட்டுப் பார்ப்பது

தொடுவதற்கு முன்பே, அந்த முகவரியில் உண்மையிலேயே பக்கம் இருக்கிறதா என்று கெர்னல் தேடிப் பார்த்துக்கொள்ளலாமே? லினக்ஸின் தொடக்க ஆண்டுகளில் அப்படித்தான் செய்தார்கள். ‘வெரிஃபை_ஏரியா’ என்ற செயல்கூறு, நிரலின் நினைவகப் பகுதிகளின் பட்டியலில் அந்த முகவரி இருக்கிறதா என்று தேடும். அதில் இரண்டு குறைகள் இருந்தன. நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நிரல்கள் ஒழுங்கான முகவரியைத்தான் தரும், ஆனாலும் எல்லோருக்கும் தேடல் செலவு. இரண்டாவது, நிரலில் இரண்டு த்ரெட் (ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொண்டு ஒரே நேரத்தில் ஓடும் இழைகள்) ஓடினால், கெர்னல் பார்த்து முடித்துத் தொடுவதற்குள் இன்னொரு த்ரெட் அந்தப் பக்கத்தையே கழற்றிவிடலாம்.

2.1 வரிசைக் கெர்னல்களில் இதைத் தலைகீழாக்கினார்கள். தேடாதே, நேராகத் தொடு. இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் பிராசசர் ‘பேஜ் ஃபால்ட்’ என்று கூவும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

பேஜ் ஃபால்ட் வந்தாலே தப்பு நடந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது. நிரல் நினைவகம் கேட்டிருக்கும், கெர்னல் இன்னும் உண்மையில் ஒதுக்கியிருக்காது. அல்லது பக்கம் டிஸ்குக்குப் போயிருக்கும். அப்படியானால் ஃபால்ட் கையாளும் பகுதி பக்கத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து நகலெடுப்பைத் தொடரச் செய்யும். (டிஸ்குக்காகக் காத்திருக்க நேரலாம் என்பதால்தான், தூங்கவே கூடாத ஸ்பின்லாக் என்ற பூட்டைப் பிடித்துக்கொண்டு காப்பி_ஃப்ரம்_யூசரை அழைக்கக் கூடாது என்று, சாதனங்களை இயக்கும் கெர்னல் பகுதியான டிரைவரை எழுதுகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருகிறார்கள்.)

உண்மையிலேயே அங்கே எதுவும் இல்லை என்றால்? சாதாரணமாகக் கெர்னல் இப்படித் தடுக்கி விழுவது பெரிய விபத்து. ‘ஊப்ஸ்’ என்று நீண்ட அறிக்கை அச்சாகும். ஆனால் ஃபால்ட் கையாளும் பகுதி அதற்கு முன் ஒரு அட்டவணையைத் திறந்து பார்க்கிறது. பயனரின் நினைவகத்தைத் தொடும் ஒவ்வொரு இயந்திரக் கட்டளையின் முகவரியும், ‘இங்கே விழுந்தால் அங்கே போ’ என்ற மாற்று முகவரியும் அதில் ஜோடி ஜோடியாக எழுதிவைக்கப்பட்டிருக்கும். கெர்னலைக் கட்டும்போதே உருவாகும் அட்டவணை இது. விழுந்த கட்டளை அதில் இருந்தால், எதிர்பார்த்த விழுதல்தான் என்று பொருள். மாற்று இடத்துக்குத் தாவி, எத்தனை பைட் நகலாகவில்லை என்று கணக்குச் சொல்லித் திரும்பிவிடும். நம் நிரல் பார்த்த 14 இந்த வழியாக வந்ததுதான். ஒழுங்கான முகவரி தரும் நிரலுக்கு இந்த அட்டவணையால் ஒரு செலவும் இல்லை.

புதிதாக டிரைவர் எழுதுகிறவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள். காப்பி_ஃப்ரம்_யூசர் திருப்பித் தருவது பிழை எண் கிடையாது, நகலாகாமல் மிஞ்சிய பைட்டுகளின் எண்ணிக்கை. அதை அப்படியே பயனருக்குத் திருப்பி அனுப்பினால், ‘3 பைட் மிஞ்சியது’ என்பது ‘3 பைட் வெற்றி’ என்று போய்ச் சேரும். பூஜ்யம் இல்லையென்றால் இஃபால்ட் என்று மாற்றி அனுப்புவது எழுதுகிறவரின் பொறுப்பு.

பெயரில் ஒட்டிக்கொண்ட பழசு

வாசல் சோதனைக்கு ஒரு விதிவிலக்கு வைத்திருந்தார்கள். அதன் கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

1991-இல் லினக்ஸ் 386 பிராசசருக்காக எழுதப்பட்டபோது, பயனரின் நினைவகத்தைத் தொட ‘எஃப்எஸ்’ என்ற செக்மெண்ட் ரெஜிஸ்டரைப் பயன்படுத்தினார்கள். கெர்னலுக்குள் நுழைந்ததும் அந்த ரெஜிஸ்டர் பயனரின் பகுதியைக் காட்டும்படி வைப்பார்கள். அதன் வழியாகப் போனால் பயனரின் நினைவகம். ஆனால் சில நேரம் கெர்னலே தன் சொந்த பஃபரைக் கொடுத்துச் சிஸ்டம் காலின் உள்பகுதியை அழைக்க வேண்டியிருக்கும். அப்போது ‘செட்_எஃப்எஸ்’ என்று அழைத்து, ரெஜிஸ்டரைத் தற்காலிகமாகக் கெர்னல் பக்கம் திருப்பிவிட்டு, வேலை முடிந்ததும் பழையபடி வைப்பார்கள்.

எஃப்எஸ் ரெஜிஸ்டரைப் பயன்படுத்துவது பின்னால் நின்றுபோனது. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. செட்_எஃப்எஸ் என்றால் ‘ஆக்ஸஸ்_ஓகேயின் எல்லையை இந்த த்ரெட்டுக்கு நகர்த்து’ என்று பொருளாயிற்று. ‘கெர்னல்_டிஎஸ்’ என்று நகர்த்தினால் எல்லையே கிடையாது. வாசற்கதவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வேலை பார்ப்பது மாதிரி. வேலை முடிந்ததும் மாட்ட வேண்டும். மாட்டுவதற்குள் ஏதாவது நடந்தால்?

2010-இல் நெல்சன் எல்ஹேஜ் கண்டுபிடித்தது இந்த நிலையைத்தான். கதவு கழற்றியிருக்கும் நேரத்தில் கெர்னல் வேறு ஏதோ பிழையால் ஊப்ஸ் ஆகிறது. அந்த த்ரெட்டை முடித்துவைக்கும் பகுதி ஓடுகிறது. அது தன் கடைசிக் கடமையாக, பயனர் முன்பே பதிவு செய்துவைத்த ஒரு முகவரியில் பூஜ்யத்தை எழுதும். த்ரெட் முடிந்துவிட்டது என்று மற்றவர்களுக்கு அறிவிக்கும் வழி அது. புட்_யூசர் வழியாகத்தான் எழுதுகிறது, சோதனையும் நடக்கிறது. ஆனால் எல்லை இன்னும் கெர்னல்_டிஎஸ்ஸிலேயே நிற்பதால் எந்த முகவரியும் செல்லும். சாதாரணமாக நிரல் செத்து முடிந்திருக்கும் ஒரு பிழை, கெர்னலில் விரும்பிய இடத்தில் பூஜ்யம் எழுதும் ஓட்டையாகிவிட்டது.

இந்த ஒன்றை மட்டும் அடைத்துவிடலாம், அடைத்தார்கள். ஆனால் கழற்றி மாட்டும் கதவு என்ற ஏற்பாடே தப்பு என்ற முடிவுக்கு வர மேலும் பத்தாண்டு ஆயிற்று. 2020 டிசம்பரில் வந்த 5.10 கெர்னலில் இன்டெல் வகைக் கணினிகளுக்கும், 2022 மே மாதம் வந்த 5.18-இல் எல்லா வகைகளுக்கும் செட்_எஃப்எஸ் நீக்கப்பட்டது. கிறிஸ்டோஃப் ஹெல்விக், ஆர்ண்ட் பெர்க்மன் போன்றவர்கள் நூற்றுக்கணக்கான இடங்களைத் தேடித் தேடி மாற்றி எழுதியதால் அது முடிந்தது. புதிய வசதி எதையும் தராத இப்படிப்பட்ட வேலைக்குப் பெரிய கைத்தட்டல் கிடைப்பதில்லை. எனக்கு லினக்ஸ் வரலாற்றில் மிகவும் பிடித்த மாற்றங்களில் இது ஒன்று.

கெர்னல் தானே வழி தவறினால்

இதுவரை பார்த்தது, பயனர் பொய் முகவரி தருவது. இதற்கு நேர் எதிரான ஆபத்து ஒன்று உண்டு. கெர்னலுக்குள் ஒரு பாயிண்டர் கெட்டுப்போய், கெர்னல் தெரியாமலே பயனரின் நினைவகத்துக்குள் போய்விடுவது.

2009 ஆகஸ்டில் டேவிஸ் ஓர்மண்டியும் ஜூலியன் டின்னஸும் வெளியிட்ட பிழை இதற்கு நல்ல உதாரணம். நெட்வொர்க் தொடர்புக்கான சாக்கெட்டுகளில் சில வகைகளில் ‘சென்ட்பேஜ்’ என்ற வேலைக்கான செயல்கூறு நிரப்பப்படாமல் பூஜ்யமாக விடப்பட்டிருந்தது. கெர்னல் அதைச் சரிபார்க்காமல் அழைத்தது. அதாவது முகவரி 0-க்குத் தாவியது. அங்கே ஒன்றும் இல்லையென்றால் விபத்தோடு போயிருக்கும். ஆனால் முகவரி 0 எண்கோட்டில் பயனரின் பகுதி. தாக்குபவர் முன்கூட்டியே அங்கே ஒரு பக்கத்தை விரித்து, தன் கட்டளைகளை எழுதி வைத்திருந்தால், கெர்னல் தன் முழு அதிகாரத்தோடு அவற்றை இயக்கும். 2001 முதல் வந்த 2.4, 2.6 கெர்னல்களில் எட்டு ஆண்டுகளாக இந்தப் பிழை இருந்தது.

பூஜ்யத்தை ஒட்டிய பக்கங்களை யாரும் விரிக்கக் கூடாது என்ற தடை, ‘எம்மேப்_மின்_ஆடர்’ என்ற பெயரில், 2007-இலேயே 2.6.23 கெர்னலில் வந்திருந்தது. அதைச் சுற்றிப் போகவும் வழிகள் இருந்தன. கெட்டுப்போன பாயிண்டர் பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும் என்றும் இல்லை.

அசல் தீர்வு பிராசசரிலேயே வந்தது. 2012-இல் இன்டெலின் ஐவி பிரிட்ஜ் பிராசசர்களில் ‘ஸ்மெப்’ என்ற வசதி சேர்ந்தது. கெர்னல் நிலையில் இருக்கும்போது பயனரின் பக்கத்தில் இருக்கும் கட்டளையை இயக்க முயன்றால் ஃபால்ட். 2014-இல் பிராட்வெல்லில் ‘ஸ்மாப்’ வந்தது. கட்டளையை இயக்குவது என்ன, பயனரின் பக்கத்தைப் படிப்பதும் எழுதுவதுமே ஃபால்ட். அந்த ஒருவழிக் கதவு இப்போது இரண்டு பக்கமும் பூட்டியாயிற்று.

அப்படியானால் ரைட் எப்படி வேலை செய்யும்? அதற்காகவே இரண்டு புதிய கட்டளைகள் தந்தார்கள்: ‘ஸ்டாக்’, ‘க்ளாக்’. ஸ்டாக் ஓடினால் பிராசசரின் ஒரு ஃபிளாக் ஏறும், பயனரின் நினைவகம் திறக்கும். க்ளாக் ஓடினால் மூடும். காப்பி_ஃப்ரம்_யூசர் தொடங்கும்போது ஸ்டாக், முடியும்போது க்ளாக். அந்தச் சில நொடித்துளிகள் தவிர மற்ற நேரமெல்லாம் கெர்னலுக்குப் பயனரின் பக்கங்கள் பூட்டியே கிடக்கும். கெட்ட பாயிண்டர் வழி தவறிப் போனால் உடனே அகப்பட்டுக்கொள்ளும். யாராவது காப்பி_ஃப்ரம்_யூசரை மறந்து பயனரின் பாயிண்டரை நேரடியாகத் தொட்டு டிரைவர் எழுதினால், முதல் சோதனையிலேயே கெர்னல் கத்திவிடும். முன்பெல்லாம் அப்படிப்பட்ட டிரைவர் ஒழுங்காக ஓடுவது போலவே இருக்கும், ஓட்டை மட்டும் உள்ளே இருக்கும்.

ஆர்ம் பிராசசர்களில் இதே காவலுக்கு ‘பான்’ என்று பெயர், ஆர்ம்வி8.1 பதிப்பில் வந்தது. ரிஸ்க்-வியில் ‘சம்’ என்ற பிட் அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் இந்த யோசனை புதிதில்லை. 1970-களில் யூனிக்ஸ் வளர்ந்த பிடிபி-11 கணினியில் கெர்னலுக்கும் பயனருக்கும் தனித்தனி முகவரி வெளிகள். பயனரின் இடத்திலிருந்து ஒரு சொல்லை எடுக்கவும் போடவும் அந்தப் பிராசசர் தனிக் கட்டளைகளைத் தந்திருந்தது. யூனிக்ஸின் ஆறாம் பதிப்பில் ‘ஃபியூவேர்ட்’, ‘எஸ்யூவேர்ட்’ என்ற செயல்கூறுகள் அவற்றைத்தான் அழைத்தன. அங்கே கெர்னல் தெரியாமல் பயனரின் நினைவகத்துக்குள் போக வழியே இல்லை. பிறகு வந்த கணினிகளில் வேகத்துக்காகவும் வசதிக்காகவும் இரண்டையும் ஒரே எண்கோட்டில் வைத்தார்கள். கைவிட்ட காவலைத் திரும்பக் கொண்டுவர ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் ஆயின.

திறந்த கதவும் மறந்த சோதனையும்

இவ்வளவு காவல் வந்த பிறகும் 2017-இல் நடந்ததைக் கேளுங்கள்.

ஸ்டாக், க்ளாக் இரண்டுக்கும் சின்னச் செலவு உண்டு. ‘வெய்ட்ஐடி’ என்ற சிஸ்டம் கால், முடிந்துபோன சேய்நிரலைப் பற்றிய ஆறு சின்ன எண்களைப் பயனரின் நினைவகத்தில் எழுதும். ஆறுக்கும் புட்_யூசர் என்றால் ஆறு தடவை திறந்து மூட வேண்டும். 4.13 கெர்னலில் இதை மாற்றினார்கள்: ஒரே தடவை திற, ஆறையும் சோதனை இல்லாத ‘அன்சேஃப்_புட்_யூசர்’ கொண்டு எழுது, மூடு. நல்ல யோசனைதான். ஆனால் புட்_யூசருக்குள் ஒளிந்திருந்த ஆக்ஸஸ்_ஓகே சோதனையும் அதோடு போய்விட்டது. அதைத் தனியாக ஒரு தடவை அழைத்திருக்க வேண்டும். அழைக்கவில்லை.

விளைவு? விடையை எழுத வேண்டிய இடமாகக் கெர்னலின் முகவரியைக் கொடுத்தால் கெர்னல் அங்கேயே எழுதியது. ஸ்மாப் இதைத் தடுக்காது, ஏனென்றால் அது காப்பது பயனரின் பக்கங்களை. இங்கே தொடப்படுவது கெர்னலின் சொந்தப் பக்கம். இன்னொரு கொடுமையும் உண்டு. தாக்குபவருக்குக் கெர்னலில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது, குருட்டாம்போக்கில் ஒவ்வொரு முகவரியாகக் கொடுத்துப் பார்க்கிறார். இல்லாத இடத்தில் எழுதப் போனால் கெர்னல் விழுந்திருக்க வேண்டும். ஆனால் நாம் மேலே பார்த்த மாற்று அட்டவணை விழாமல் தாங்கி, இஃபால்ட் என்று பதில் சொல்லிக்கொண்டே இருந்தது. ‘இங்கே இல்லை, இங்கே இல்லை, ஆமாம் இங்கே இருக்கிறது’ என்று தடவிப் பார்க்க அதுவே துணையானது.

அக்டோபர் 2017-இல் இந்த ஓட்டை அடைக்கப்பட்டது. அதற்குப் பிறகு நடந்தவைதான் முக்கியம். பயனரின் நினைவகத்தைத் தொடும் செயல்கூறுகள் கெர்னலின் முகவரியில் தடுக்கினால் அதை மன்னிக்கக் கூடாது, ஊப்ஸ் என்று கத்த வேண்டும் என்று ஜான் ஹார்ன் 2018-இல் ஒரு திருத்தம் எழுதினார். 2019-இல் வந்த 5.0 கெர்னலில், கதவைத் திறக்கும் ‘யூசர்_ஆக்ஸஸ்_பிகின்’ செயல்கூறுக்குள்ளேயே ஆக்ஸஸ்_ஓகேயைச் சேர்த்துவிட்டார் லினஸ் டோர்வால்ட்ஸ். இனிமேல் சோதிக்காமல் திறக்க முடியாது. கவனமாக இருங்கள் என்று எழுதுகிறவர்களிடம் சொல்வதோடு நிற்காமல், கவனக்குறைவுக்கு இடமில்லாதபடி வாசலையே மாற்றிக் கட்டினார்கள்.

ஒரே கடிதத்தை இரண்டு தடவை படிப்பது

முகவரி சரி, சோதனை சரி, கதவும் ஒழுங்காகத் திறந்து மூடியது. இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. பயனரின் நினைவகம் பயனரின் கையில்தான் இருக்கிறது, கெர்னல் அதைப் படித்துக்கொண்டிருக்கும்போதுகூட.

ஒரு டிரைவர் முதலில் நீளத்தை மட்டும் படிக்கிறது: 64. தன்னிடம் 64 பைட் இடம் இருக்கிறது, சரி என்று முடிவெடுக்கிறது. பிறகு முழுத் தொகுதியையும் நகலெடுக்கும்போது நீளத்தையும் மறுபடி படிக்கிறது. இந்த இரண்டு படிப்புக்கும் நடுவே இன்னொரு த்ரெட் 64-ஐ 4000 ஆக்கிவிட்டால்? சோதித்தது ஒரு எண், பயன்படுத்தியது இன்னொரு எண். 64 பைட் இடத்தில் 4000 பைட் கொட்டும். இதை ‘டபுள் ஃபெட்ச்’ என்பார்கள். 2013-இல் மாத்தேயுஷ் யூர்ச்சிக், கின்வேல் கோல்ட்வின்ட் இருவரும் விண்டோஸை ஒரு எமுலேட்டருக்குள் ஓடவிட்டு, கெர்னல் பயனரின் நினைவகத்தைப் படிக்கும் ஒவ்வொரு தடவையும் குறித்துக்கொண்டு, ஒரே இடத்தை அடுத்தடுத்து இரண்டு முறை படிக்கும் இடங்களைப் பட்டியலிட்டார்கள். விண்டோஸ் கெர்னலில் இப்படிப் பல ஓட்டைகள் அகப்பட்டன.

தீர்வு சொல்லச் சுலபம். ஒரே தடவை நகலெடு, அதற்குப் பிறகு அந்த நகலை மட்டும் பார். கடைப்பிடிப்பதுதான் கடினம், ஏனென்றால் சி மொழியில் பயனரின் பாயிண்டரும் கெர்னலின் பாயிண்டரும் ஒரே மாதிரி இருக்கும். அதனால் லினக்ஸில் பயனரிடமிருந்து வரும் பாயிண்டர்களுக்கு ‘யூசர்’ என்று ஒரு அடையாளச் சொல் ஒட்டுகிறார்கள். டோர்வால்ட்ஸ் 2003-இல் தொடங்கிய ‘ஸ்பார்ஸ்’ என்ற கருவி, அடையாளம் ஒட்டிய பாயிண்டரை யாராவது நேரடியாகத் தொட்டால் எச்சரிக்கும். ரஸ்ட் மொழிக்காக 2024-இல் கெர்னலில் சேர்ந்த வகைகள் இன்னும் ஒரு படி மேலே போகின்றன. பயனரின் நினைவகத்தைப் படிக்கும் ரீடர், படிக்கப் படிக்கத் தானே முன்னால் நகர்ந்துவிடும். ஒரே பைட்டை இரண்டாம் தடவை படிக்க வேண்டுமானால் மெனக்கெட்டு வேறு ரீடர் எடுக்க வேண்டும்.

கொடுக்கும் திசையிலும் ஒரு கவனம் தேவை. ஒரு பைட் எழுத்து ஒன்று, அதற்கு அடுத்து எட்டு பைட் எண் ஒன்று என்று ஒரு தொகுதி அமைத்தால், நடுவில் ஏழு பைட் காலியிடம் விடுவது கம்பைலரின் வழக்கம். தொகுதியை அப்படியே காப்பி_டு_யூசர் செய்தால், அந்த ஏழு பைட்டில் கெர்னலின் தற்காலிக நினைவகத்தில் முன்பு கிடந்த எச்சம் பயனருக்குப் போய்விடும். முதலிலேயே முழுவதையும் பூஜ்யமாக்கிவிட்டு நிரப்புவதுதான் வழி.

2018-க்குப் பிறகு ஆக்ஸஸ்_ஓகே மட்டும் போதாது என்றாயிற்று. ஸ்பெக்டர் என்ற குறை, சோதனையின் விடை தெரியும் முன்பே பிராசசர் ஊகத்தில் முன்னால் ஓடிவிடுவதைக் காட்டியது. அதனால் ஊகத்தில் ஓடினாலும் கெர்னலின் முகவரிக்குப் போக முடியாதபடி, முகவரியையே கணக்குப் போட்டு மடக்கிவிடும் வரிகளைக் கெட்_யூசரில் சேர்த்தார்கள். அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

உங்களிடம் இன்டெல் அல்லது ஏஎம்டி கணினியில் லினக்ஸ் இருந்தால், ‘ப்ராக்’ கோப்பகத்தில் ‘சிபியூஇன்ஃபோ’ என்ற கோப்பைத் திறந்து, ‘ஃபிளாக்ஸ்’ என்று தொடங்கும் நீண்ட வரியில் ஸ்மெப், ஸ்மாப் என்ற இரண்டு சொற்களைத் தேடிப் பாருங்கள். இரண்டும் இருந்தால், தொடக்கத்தில் சொன்ன சின்ன நிரலை மறுபடி ஓட்டுங்கள், இந்த முறை சிஸ்டம் கால்களையும் அவற்றின் விடைகளையும் காட்டும் ‘எஸ்டிரேஸ்’ கருவியின் கீழ். திரைக்கு எழுதும் வரியில் இஃபால்ட், /டெவ்/நல்லுக்கு எழுதும் வரியில் 5, உச்சி முகவரி தந்த வரியில் மறுபடி இஃபால்ட். முதலாவது தொட்டுப் பார்த்து வந்தது, மூன்றாவது வாசலிலேயே திரும்பியது.